பற்றுக் கணக்கு

இருபத்தாறு வருடம்
சலவை எந்திரம் விற்றுக் கைகழுவினோம்.
கைகழுவுவதில் நித்ரா நகரத்தில்
எங்களை மிஞ்ச ஆளில்லை.

லாரி வாசலைத் தாண்டும்.
நான் வரவு எழுதுவேன். அத்தோடு சரி.
எவர் வீட்டுக் குளியலறையில்
எந்த மூலையில் நின்று அது உதறுகிறதென்பது
என் பேரேட்டில் கிடையாது.

ஏழாம் வருடம் அது சாகும்.
சாக வேண்டுமென்று ஒருவரும் சொன்னதில்லை.
டெசிடெர் ஹுடாக் வரைந்த தொட்டியில்
திருகாணி இருக்கவேண்டிய இடத்தில்
பசை.
திறக்க முடியாது, உடைக்கலாம்.
எந்திரத்துக்கு நாற்பது சென்ட் மிச்சம்.
அந்த நாற்பது சென்டுக்காக
அவருக்குப் பாராட்டுக் கடிதம் தட்டச்சு செய்தவள் நான்.

பிப்ரவரியில், ஜன்னலெல்லாம் பனி அப்பிய ஒரு காலையில்
ஜெல்மீரா கூட்டம் போட்டாள்:
இனி எந்திரம் விற்பனைக்கில்லை.
மாதம் பதினோரு யூரோ, சலவை அவர்களுடையது,
எந்திரம் நம்முடையது.
கெட்டால் தலைவலியும் நம்முடையது.

வாவ்ரோ கேட்டான்:
"அப்போ நான் எதை விற்க?"
காபி எந்திரம் மட்டும் உறுமியது.

என் பங்கு சின்ன வேலைதான்.
சரக்குப் பக்கத்திலிருந்து
சொத்துப் பக்கத்துக்கு ஒரு வரியை மாற்றுவது.
மாற்றினேன்.
அன்றிரவு நித்ராவில் எனக்கு மட்டும் நித்திரையில்லை.
இரண்டாயிரத்து நூற்றுப் பத்து எந்திரங்கள்
யார் யார் வீட்டிலோ ஈரத்தில் நின்றபடி
என் பற்றில் ஏறியிருந்தன.

வங்கி அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"உங்கள் பணம் முழுக்க
ஊரார் குளியலறையில் கிடக்கிறதே, அம்மணி."
கிடந்தது.
அந்த வருடம் சம்பளத்தை இரண்டு தவணையாகக் கொடுத்தோம்.
கிடங்குக் கூரை ஒழுகியது. வாளி வைத்தோம்.
பற்றவைப்பவர் பன்னிரண்டு பேரில்
ஐந்து பேர் கார் ஆலைக்குப் போனார்கள்.
புது எந்திரம் குறைந்தால்
புதுப் பற்றவைப்பும் குறையும்;
அதை எந்த விளம்பரத்திலும் நாங்கள் அச்சிடவில்லை.

டெசிடெர் முன்னால் பழைய வரைபடத்தை விரித்தாள் ஜெல்மீரா.
தன் கையெழுத்துக்குத் தானே
ஜாமீன் கொடுக்க வந்தவர்போல
வெகுநேரம் குனிந்திருந்தார்.
பிறகு சொன்னார்:
"எட்டுத் திருகாணி போதும்.
அன்றைக்கும் எனக்கு இது தெரியும்."

4471 திரும்பி வந்தது,
ஸோபோர் மலையடி வீடொன்றிலிருந்து.
கதவு ரப்பர் மடிப்பில் நாய்முடி,
ஒரு பொத்தான்,
சதுரங்கத்தின் கறுப்புச் சிப்பாய்.
பிலாஜெனா எட்டையும் கழற்றினாள்,
தாங்கியை மாற்றினாள், பூட்டினாள்.
ஒன்பது நிமிடம்.
சிப்பாயைக் கழுவி
உறையிலிட்டுத் தபாலில் அனுப்பினோம்.
தபால் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாமல்
"இதர" என்று போட்டேன்.

பூமியைக் காத்தோமா என்று
பள்ளிப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள்.
எனக்குத் தெரிந்தது எஃகுத் தகடு ரசீதுதான்:
போன வருடத்தைவிட மூன்றில் ஒரு பங்கு மெலிந்திருக்கிறது.
அதைக் காட்டினேன்.
அவர்களுக்குச் சுவாரஸ்யப்படவில்லை.

வாவ்ரோ போட்டிக் கம்பெனிக்குப் போனான்.
போன மாத வாடிக்கையாளர் பட்டியலில்
அவன் வீட்டு முகவரி,
மனைவி பெயரில்.
நான் மூச்சுவிடவில்லை.

இப்போது எனக்கு
எந்தத் தெருத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமென்று தெரியும்.
எந்த வீட்டில் ஆறாவது குழந்தை,
யார் வேலைச்சட்டைப்பையில்
ஆணியோடு துவைக்கப் போடுகிறார்கள்,
எல்லாம் தெரியும்.
வரவு மட்டும் எழுதிய காலத்தில்
இத்தனை பேரை நான் அறிந்ததில்லை.

நேற்று இரவு பதினொன்றரைக்கு
மேல்மாடியில் ஒரு எந்திரம் சுழன்றது.
தாங்கி போய்விட்ட சத்தம், கரகரவென்று.
சுவரில் காதை வைத்தேன்.
எங்களுடையதில்லை.
இருந்தும்
அது நிற்கும்வரை
அங்கேயே நின்றேன்.